பூட்டக்கா

சாயங்காலம் ஆறரை மணிக்குக் கம்பெனி ஷட்டரை இறக்கிப் பூட்டியதும் அக்கா அந்தப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். முதல் இழுப்பு எல்லோரும் இழுப்பதுதான். இரண்டாவதில் கொஞ்சம் கோபம் இருக்கும். பிறகு பத்தடி நடந்து போவார், ஏதோ ஞாபகம் வந்தவர் போலத் திரும்பி வருவார், திருடன் இழுத்தால் எப்படி இழுப்பானோ அப்படி மூன்றாவது முறை இழுப்பார். எதிர்த்த டீக்கடையில் நிற்பவர்கள் "மூணு" என்று எண்ணிவிட்டுத்தான் கிளாஸை வாயில் வைப்பார்கள். அதனால் பூட்டக்கா என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் குடும்பம் அந்தப் பெயரைக் கெடுத்தது போதும்.

கம்பெனி என்பது என் மாமனாருடையது. சங்கரன்கோவிலில் காட்டன் சேலை நெய்து வெளியூர்க் கடைகளுக்கு அனுப்பும் குடும்பம். மாமாவின் அப்பா நாலு தறியில் ஆரம்பித்தது, மாமா காலத்தில் சொந்த ஷெட்டும் வெளித்தறிகளுமாகப் பெருகிவிட்டது. நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்துவிட்டு அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, அங்கேயே தங்கிவிட்ட மாப்பிள்ளை. வீட்டோடு மாப்பிள்ளைக்கு என்ன மரியாதை என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். பந்தியில் முதல் இலை, பேச்சில் கடைசி இடம். கம்ப்யூட்டர் படித்தவன் நான் இருக்க, ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டது பன்னிரண்டாவதோடு நிறுத்திவிட்டு டைப்ரைட்டிங் பழகிய அக்காதான். சேலை டிசைன்கள், எந்த நிறத்துக்கு எந்தச் சாயப்பொடி எத்தனை கிராம், எந்த ஊர்க் கடைக்கு எந்தக் கரை பிடிக்கும், எல்லாம் அவர் ஏற்றி வைத்ததுதான் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. அப்போது நானும் வீட்டில் மற்றவர்களைப் போல 'அவ' என்றுதான் பேசினேன். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். மரியாதை வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். வெட்கம்தான்.

தினமும் சிவகிரியிலிருந்து பஸ்ஸில் வருவார். பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்கள் நிற்பவர்களுடைய பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். அக்கா தரமாட்டார். வெள்ளிக்கிழமைகளில் டிபன் பாத்திரத்துக்குக் கீழே, துண்டில் சுற்றி, ஒரு ஹார்டு டிஸ்க் இருக்கும். கம்பெனியில் உள்ளதெல்லாம் அதில் ஒரு நகல். இன்னொரு நகல் ஆபீஸ் பீரோவில். வீட்டில் இருந்ததை அன்றைக்கு இங்கே வைத்துவிட்டு, இங்கே இருந்ததை வீட்டுக்கு எடுத்துப் போவார். கம்பெனி தீப்பிடித்தாலும் வீட்டில் ஒன்று இருக்கும், வீடு தீப்பிடித்தாலும் கம்பெனியில் ஒன்று இருக்கும் என்பது கணக்கு. ஒரு வெள்ளிக்கிழமை நெரிசலில் நானும் அதே பஸ்ஸில் வந்தேன். உட்கார்ந்திருந்த ஒரு பெண் பையை வாங்கக் கை நீட்ட, அக்கா நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "என்ன, தங்கமா வச்சிருக்கா" என்று அந்தப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம் முனகினாள். அக்காவுக்குக் காதில் விழுந்தது. பையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டார்.

மாமாவோடு அவருக்குத் தினம் ஒரு சண்டை. பாஸ்வேர்டை மாதம் ஒருமுறை மாற்றுவார். மாமா அதை மறக்காமல் இருக்க, சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் அன்றைய தாளில் எழுதி வைப்பார். அக்கா வந்ததும் தாளைக் கிழித்துவிடுவார். அடுத்த நாளுக்குரிய தாள் இன்றைக்கே தெரிவது குடும்பத்துக்கு ஆகாது என்று மாமா கத்துவார். அக்கா கிழித்த தாளை எட்டாக மடித்து, பதினாறாகக் கிழித்து, இரண்டு வேறு குப்பைத் தொட்டியில் போடுவார். மாமா வெளியூரிலிருந்து போன் செய்து ஏதாவது விவரம் கேட்டால், கட் செய்துவிட்டு இவரே திருப்பிக் கூப்பிடுவார். "என் கொரல் தெரியலியா ஒனக்கு" என்று மாமா எரிந்து விழுந்தால், "கொரல யாரும் போடலாம் மொதலாளி, நம்பர் போட முடியாதுல்லா" என்பார்.

ஆடித் தபசுத் திருவிழாவுக்கு ஊரே நிரம்பிவிடும். மாமாவின் தங்கை குடும்பம் ராயகிரியிலிருந்து வந்து நாலு நாள் டேரா போடும். பிள்ளைகள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் கேம் விளையாடக் கேட்கும். அந்த வருஷம் அக்கா முந்தின நாளே கம்ப்யூட்டரின் மின்சார வயரைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். வேலைக்காரிக்கு இவ்வளவு இடம் கொடுத்தால் நாளைக்கு வீட்டுக்கே பூட்டுப் போடுவாள் என்று மாமாவின் தங்கை சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். நானும் நன்றாகச் சிரித்தேன்.

நான் சிரித்ததற்கு வேறு காரணமும் இருந்தது. அதற்கு ஒரு மாதம் முன்னால் நூல் மில்லிலிருந்து ஒரு மெயில் வந்திருந்தது, தங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தப் புதிய கணக்குக்குப் பணம் அனுப்பவும் என்று. மில்லின் முத்திரை, முதலாளியின் பெயர் எல்லாம் கச்சிதம். நான் அனுப்ப உட்கார்ந்துவிட்டேன். அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, மில்லின் பழைய நம்பருக்குப் போன் போட்டார். அவர்கள் எந்தக் கணக்கையும் மாற்றவில்லை. எவனோ திருட்டுப்பயல் அவர்கள் பெயரில் எழுதியிருக்கிறான்.

விஷயத்தைக் கேட்ட மாமா அக்காவைப் பாராட்டவில்லை. முப்பது வருஷப் பழக்கமுள்ள மனுஷனிடம் நீங்கள்தானா என்று போன் போட்டுக் கேட்டால் அவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்று அரை மணி நேரம் வருத்தப்பட்டார். எங்களைப் போன்ற குடும்பங்களில் தொழில் நடப்பது வாய்ச்சொல்லில். சந்தேகப்படுவது அசிங்கம். ஏமாந்தால்கூட அனுதாபம் கிடைக்கும், சரிபார்த்தால் கெட்ட பெயர்தான். எனக்கோ வேறு வயிற்றெரிச்சல். ஒருத்தி என்னைக் காப்பாற்றிவிட்டாள், அதுவும் பன்னிரண்டாவது படித்தவள். அதை நான் மன்னிக்கவேயில்லை.

ஒருமுறை கேட்டே விட்டேன், இப்படி எல்லோரையும் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தால் ராத்திரி தூக்கம் வருமா என்று. அக்கா கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா சிவகிரியில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் காவலுக்கு இருந்தாராம். மூட்டை காணாமல் போனது. பூட்டு உடைபடவில்லை. சாவி நாலு பேர் கையில் புழங்கியது, ஆனால் காவல்காரர் ஒருத்தர்தானே. பழி அவர்மேல் விழுந்து, அதற்குப் பிறகு கூலி வேலைதான். சொல்லி முடித்துவிட்டு அக்கா என்னைப் பார்த்தார்.

"யாரையும் நம்பாம இல்ல சார். நாளைக்கு ஒண்ணுன்னா யாரு மேலயும் பழி விழுந்துரக் கூடாது. அதுக்குத்தான் ஒண்ணுக்கு ரெண்டாப் பாக்கது."

அந்த அப்பா அந்த வருஷம்தான் இறந்தார். அது தெரிந்தால்தான் மற்றது விளங்கும்.

ஆயுத பூஜை எங்கள் வீட்டில் தீபாவளியை விடப் பெரியது. தொழிலில் கை படுகிற சாமான் ஒன்றுவிடாமல் அன்றைக்கு ஆபீஸில் சாமிக்கு முன்னால் இருக்க வேண்டும். கத்தரிக்கோல், முழக்கோல், நாடா, எடைக்கல், முத்திரை, எல்லாம். பீரோவில் இருந்த டிஸ்க் வந்துவிட்டது. இன்னொன்று அக்கா வீட்டில் இருப்பதை மாமா ஞாபகம் வைத்திருந்தார். தொழிலுக்குரிய சாமான் ஒன்று பூஜையில் இல்லாமல் போனால் குறை என்று ஆள் அனுப்பிவிட்டார். அக்காவே கொண்டுவந்தார். துக்க வருஷம் என்பதால் உள்ளே வரவில்லை. வாசல்படிக்கு வெளியே நின்று டிஸ்கை என் கையில் கொடுத்தார்.

"சாமி முன்னால வைங்க, வேண்டாங்கல. ரெண்டையும் ஒண்ணா சிஸ்டத்துல மட்டும் சொருகிராதீங்க சார்."

சரி என்றேன். அவர் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

தறிக்குச் சந்தனம் வைத்து ஐந்து நிமிஷம் ஓட்டினார்கள். வேனை ஸ்டார்ட் செய்து எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றினார்கள். தீபாராதனை நேரத்தில் எல்லாம் உயிரோடு இருக்க வேண்டும், அதுதான் வழக்கம். கம்ப்யூட்டரை நான் போட்டுவிட்டேன், திரையில் கோமதி அம்மன் படம். அத்தை கற்பூரத் தட்டோடு வந்தார். என் மாமியார்தான். பக்கத்தில் கறுப்பாகக் கிடந்த இரண்டு டிஸ்கையும் பார்த்து, எல்லாம் ஓடும்போது இது ரெண்டு மட்டும் செத்த மாதிரிக் கிடக்கிறதே, இதில் லைட் எரியாதா மாப்பிள்ளை என்று கேட்டார். பன்னிரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாத ஒன்றை நான் செய்துகாட்டக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் அது. இரண்டையும் சொருகினேன். இரண்டு நீல விளக்கு எரிந்தது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியாமல் தொடக்கூடாது. அணைக்கவும் கூடாது. கம்ப்யூட்டர் அப்படியே எரிந்துகொண்டிருந்தது, நெட்டும் ஓடிக்கொண்டிருந்தது, சந்தனப் பொட்டோடு இரண்டு டிஸ்கும் சொருகியபடி இருந்தன.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து முதல் ஆர்டரை ஏற்றுவதற்கு மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மன் படம் இல்லை. சிவப்பில் இங்கிலீஷில் ஒரு கடிதம். உங்கள் கோப்புகள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம், திறக்க வேண்டுமென்றால் இன்ன வழியில் பணம் அனுப்புங்கள் என்று நான் படித்துச் சொன்னேன். மாமாவோ, இவன் எந்த ஊர்க்காரன் என்று பாருங்கள், அங்கே நமக்குத் தெரிந்த கடைக்காரர் யாராவது இருப்பார், உட்கார்ந்து பேசி முடித்துவிடலாம் என்றார். அவருக்குத் தெரிந்த உலகத்தில் முகம் இல்லாத ஆள் கிடையாது. கேட்ட பணம் எங்கள் சக்திக்கு மீறியது. போலீசுக்கும் வேண்டாம் என்றார், வெளியே தெரிந்தால் கடைக்காரர்கள் ஆர்டரை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள். தீபாவளிக்கு இருபது நாள்கூட இல்லை. டிசைன் இல்லை, சாய அளவு இல்லை, யாருக்கு என்ன நிறம் என்ற விவரம் இல்லை. இரண்டு டிஸ்கிலும் அதே கதி.

அந்த வைரஸ் எந்த மெயில் வழியாக வந்தது, யார் திறந்தது என்பது இன்றுவரை தெரியாது. நாலு பேர் ஒரே பாஸ்வேர்டில் தொட்ட பெட்டி. ஆனால் டிஸ்குகள் பீரோவிலும் சிவகிரியிலும் இருந்திருந்தால் அன்று மத்தியானமே எல்லாம் திரும்பி வந்திருக்கும். அது எனக்கு நூற்றுக்கு நூறு தெரியும்.

அக்காவைக் கூப்பிட்டு உள்ளே வரச் சொன்னார்கள். அவர் திரையைப் பார்க்கவில்லை. நேரே குனிந்து, பெட்டியின் பின்பக்கம் போகும் இரண்டு வயரைப் பார்த்தார்.

"சொருகுனது யாரு?"

பன்னிரண்டு பேர் கும்பிட்டபடி பார்த்த காட்சி அது. ஆனால் அதைச் சொன்னால், சாமிக்கு முன்னால் செய்ததால்தான் கேடு வந்தது என்று ஆகிவிடும். அந்த வீட்டில் அப்படி ஒரு வாக்கியத்தை யாரும் சொல்ல முடியாது. என் மைத்துனன்தான் வேறு வழியைக் கண்டுபிடித்தான். வாரா வாரம் டிஸ்க் வெளியே போகிறது, எந்த வீட்டில் எந்தப் பெட்டியில் சொருகப்பட்டதோ, அங்கிருந்துதான் வியாதி ஏறி வந்திருக்கும் என்றான். அத்தை ஆமாம் ஆமாம் என்றார். எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். மாமா மட்டும் தலையாட்டவில்லை. நியாயம் பார்க்கிற மனிதர், என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, நீங்க படிச்சவுக. அந்த டிஸ்க்ல இருந்து வந்திருக்குமா?"

அக்கா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் பயம் இல்லை. நான் உண்மையைச் சொல்லுவேன் என்பது போலத்தான் நின்றார்.

"வந்திருக்கலாம் மாமா" என்றேன்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொன்னது முழுப்பொய் அல்ல, டிஸ்க் வழியாக வர வாய்ப்பு உண்டுதானே என்று பல நாள் எனக்கு நானே வக்கீலாக வாதாடியிருக்கிறேன். அயோக்கியத்தனத்துக்குப் படிப்பு நன்றாகவே உதவும்.

அக்கா அழவில்லை, சத்தியம் செய்யவில்லை. பழியை அப்புறம் பேசிக்கொள்ளலாம், தறி நிற்கக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு, வேலையை ஆரம்பித்துவிட்டார். அடுத்த பதினைந்து நாள் அவர் செய்ததை வேறு எவரும் செய்திருக்க முடியாது. ஒவ்வொரு கடைக்கும் போன் போட்டு, போன வருஷம் எடுத்த சேலையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். வெளித்தறிக்காரர்கள் வீடு வீடாகப் போய், அவர்கள் பெண்டாட்டிகள் உடுத்தியிருந்த மிச்சச் சேலைகளில் கரையை அளந்தார். சாயப்பட்டறை மாஸ்டரை உட்கார வைத்து, துணியைக் கையில் கொடுத்து, இந்த அரக்குக்கு எத்தனை கிராம் போட்டீர்கள் என்று ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தி எழுதிக்கொண்டார். தறி ஒரு நாள்கூட முழுசாக நிற்கவில்லை. தீபாவளிச் சரக்கு போய்ச் சேர்ந்தது. கடைக்காரர் ஒருத்தருக்கும் இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

வழக்கம் போல எல்லோருக்கும் சேலையும் இனிப்புப் பெட்டியும் கொடுத்தார்கள். அக்காவுக்கும் கொடுத்தார்கள். கொடுக்கும்போது மாமா தரையைப் பார்த்துக்கொண்டு, தீபாவளி கழிந்து வர வேண்டாம் எம்மா என்றார். வீட்டில் பேச்சு ஒரு மாதிரி இருக்கிறது, தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்றும் சொன்னார். அக்கா இனிப்புப் பெட்டியை மேஜை மேலேயே வைத்தார். சேலையை மட்டும் எடுத்துக்கொண்டார், அது அவர் திரும்பக் கொண்டுவந்த டிசைன்.

பிறகு என் மேஜைக்கு வந்தார்.

"சொருகுனது யாருன்னு நீங்க சொல்ல வேண்டாம் சார். எங்க வீட்ல கம்ப்யூட்டரே கெடையாது, அந்த டிஸ்க அங்கன எதுலயும் சொருக முடியாது. அத மட்டும் மொதலாளிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க. இந்தப் பேரோட நான் எங்கயும் போயி வேல கேக்க முடியாது."

"சொல்லுதேன் அக்கா" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

நான் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், பொங்கலுக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன் என்றால்கூட அது ஒரு மாதிரி நல்லவன் பேச்சாகிவிடும். அப்படியெல்லாம் இல்லை. சொல்லும் எண்ணமே இல்லை. ஏனென்றால் அக்கா திரும்பக் கட்டிக்கொடுத்த விவரங்களை வைத்து நான்தான் எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினேன், மாப்பிள்ளை இல்லாவிட்டால் கம்பெனி போயிருக்கும் என்று மாமா சொந்தக்காரர்களிடம் சொல்ல ஆரம்பித்திருந்தார். பேச்சில் எனக்கு இடம் வந்துவிட்டது. ஊரில் அக்காவின் பெயரோ வியாதி கொண்டுவந்தவள் என்று ஆகிவிட்டது. இரண்டு மூன்று இடத்தில் வேலை கேட்டவரை, விசாரித்துவிட்டு வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பீடி சுற்றுவதாகப் பிறகு யாரோ சொன்னார்கள்.

இப்போது கம்பெனியை நான்தான் பார்க்கிறேன். போன வருஷம் வியாபாரிகள் கூட்டத்தில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். இரண்டு நகல் வையுங்கள், ஒன்று வெளியே இருக்கட்டும், இரண்டையும் ஒரே நேரத்தில் சொருகாதீர்கள், பணம் விஷயமாக மெயில் வந்தால் பழைய நம்பருக்குப் போன் போடுங்கள் என்று அடுக்கினேன். நல்ல கைதட்டல். பொன்னாடை போர்த்தினார்கள்.

இந்தத் தை மாசம் ஒரு மத்தியானம் போன் வந்தது. இளையரசனேந்தல் பக்கம் உரக்கடை, விதைக்கடை என்று நாலைந்து வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டுமாம், சிவகிரியிலிருந்து ஒரு அம்மா வந்திருக்கிறார்களாம், எங்களிடம் வேலை பார்த்தவர்களாமே என்றார். எதிரில் மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏதோ டிஸ்க் விஷயம்னு ஊர்ல பேசிக்கிடுதாக. நேராவே கேட்டேன். அதுக்கு அந்தம்மா, யார்ட்டயும் விசாரிக்க வேண்டாம், மாப்பிள்ளை சார்ட்ட மட்டும் கேளுங்க, அவுகளுக்கு உண்மை தெரியும்னு ஒங்க நம்பரக் குடுத்தாக. அதான் போன் போட்டேன்."

முதலாளியின் குரலைக்கூட நம்பாமல் போனைக் கட் செய்த அக்கா, என் வாயை நம்பி நம்பர் கொடுத்திருக்கிறார். நான் அன்றைக்கே மாமாவிடம் சொல்லிவிட்டேன் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த அம்மா ஒரு தப்பும் செய்யவில்லை, செய்தது நான் என்று சொல்ல அரை நிமிஷம் போதும். மாமா பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார்.

"வேலையெல்லாம் நல்லாத்தான் பாப்பாக அண்ணாச்சி" என்றேன். "எதுக்கும் ஒரு வாட்டி யோசிச்சுக்கிடுங்க."

அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். யார் என்று மாமா கேட்டார். சொன்னேன். மாமா பேப்பரை மடித்துக்கொண்டே, நம்மால் இன்னொருத்தர் கெட்டுப்போகக் கூடாதுதானே, சரியாகத்தான் சொன்னீர்கள் மாப்பிள்ளை என்றார்.